முன்ஃபோர்க்கை யாரும் கழற்றுவதில்லை

இரும்பும் எண்ணெயும் – 11

சென்ற வாரம் கார்புரேட்டரைத் திறந்து பார்த்தோம். பழைய வண்டி என்றதும் எல்லோரும் ஆசையாகக் கை வைக்கிற இடம் அது. ஜெட்டை ஊதுவார்கள், மிதவையை ஆட்டிப் பார்ப்பார்கள், ஒரு ஸ்க்ரூவை அரைச்சுற்று திருப்பிவிட்டு இஞ்சின் சத்தத்தைக் கூர்ந்து கேட்பார்கள். அதே வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு குழாய்களை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். இஞ்சினைப் பலமுறை இறக்கி ஏற்றிய புல்லட்டிலும் ஃபோர்க்குக்குள் கிடப்பது என்றோ யாரோ ஊற்றிய எண்ணெயின் வண்டலாகத்தான் இருக்கும்.

இஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். கிளட்ச் போனால் நகராது. பிரேக் போனால் பயம் வரும். ஃபோர்க் கெட்டால் இதில் எதுவும் நடக்காது. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், புஷ் தேயும், ஸ்பிரிங் தளரும். எல்லாம் வருடக்கணக்கில் நடப்பதால் எந்த நாளில் வண்டி கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கிடையில் ஓட்டுகிறவரின் கை பழகிவிடும். பள்ளம் வந்தால் தோளைத் தளர்த்துவார், வளைவில் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பிடிப்பார், பிரேக் பிடித்தால் மூக்கு குத்துமே என்று முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பார். ஃபோர்க் செய்ய வேண்டிய வேலையை முழங்கையும் தோள்பட்டையும் எடுத்துக்கொள்ளும். கேட்டால், “நம்ம வண்டி இப்படித்தான்” என்பார். பழைய வண்டியில் மிக ஆபத்தான பகுதி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்த வாரம் நாம் நிற்பது புளியங்குடியில். திருமங்கலத்தில் பிரிந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மலையை ஒட்டியே வரும் கொல்லம் நெடுஞ்சாலை ஊரின் நடுவே புகுந்து கடையநல்லூர், தென்காசி பக்கம் போகிறது. எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர். இங்கிருந்து ஏறும் மூட்டைகளில் பெரும்பங்கு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போய்விடும். நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் மலையடிவாரத் தோப்புகள். தோப்புக்குப் போகிற பாதை என்பது பெரும்பாலும் ஓடைக்கல்லும் வேரும் வாய்க்கால் மேடும்தான். கிழக்கே சங்கரன்கோவிலை நோக்கிப் போனால் கரிசல் தொடங்கிவிடும். மழையில் சேறு, வெயிலில் வெடிப்பு. ஒரு ஃபோர்க் எதையெல்லாம் தாங்க வேண்டுமோ அத்தனையும் சில மைல் சுற்றளவுக்குள் இங்கே உண்டு.

டிவிஎஸ் 50 வருவதற்கு முந்தைய காலத்தில் வசதியுள்ள தோப்புக்காரர் வீட்டு வாசலில் ஒரு புல்லட் நிற்பது வழக்கம். 1980க்குப் பிறகு மூட்டை சுமக்கிற வேலையை அந்தச் சின்ன மொபெட் பிடுங்கிக்கொண்டது. புல்லட்டுகள் மெல்ல மெல்லத் தோப்பு மோட்டார் ரூமுக்குள் போய்ச் சாய்ந்தன. அப்படிக் கிடந்த எழுபதுகளின் வண்டி ஒன்றைத்தான் ஒரு தோப்புக்காரரின் பேரன் வெளியே இழுத்து, இங்கே ஒரு மெக்கானிக்கின் பட்டறைக்குக் கொண்டு வந்திருந்தான். இப்போது பழைய புல்லட்டுக்கு மவுசு அல்லவா. தாத்தாவைக் கேலி செய்த பேரன்மார்தான் இன்று அவருடைய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி மரப்பெட்டியைக் கவிழ்க்கிறார்கள்.

“அண்ணாச்சி, இஞ்சின மட்டும் பாத்து விடுங்க, போதும். பெயின்ட்டும் குரோமும் மதுரைல பாத்துக்கிடுதேன்” என்றான்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஓர் அமுக்கு அமுக்கினார். வண்டியின் முகம் தடாலென்று இறங்கி, அதே வேகத்தில் எகிறி, மறுபடி இறங்கி, இன்னொரு முறை ஆடி நின்றது. அப்புறம் குனிந்து முன்சக்கரத்தின் டிரம்மை விரலால் துடைத்துக் காட்டினார். விரலில் கறுப்பு எண்ணெய்.

“லே, இஞ்சின் நின்னா வண்டியத் தள்ளிட்டு வந்துருவ. முன்பக்கம் ஏமாத்துனா ஒன்னயத் தூக்கிட்டுலா வரணும்.”

அந்த எண்ணெய் ஒரு தனி விஷயம். ஃபோர்க்கின் சீல் போனால் எண்ணெய் குழாயின் வெளிப்பக்கமாக வழிந்து நேரே சக்கரத்தின் நடுப்பகுதிக்குத்தான் வரும். அங்கேதான் பிரேக் லைனர் இருக்கிறது. லைனரில் எண்ணெய் ஊறினால் பிரேக் பிடிக்காது. பிரேக்கைக் குறை சொல்லி லைனரை மாற்றுவார்கள். சில மாதத்தில் அதுவும் ஊறும். நோய் ஓரிடம், மருந்து ஓரிடம் என்று பல வண்டிகளில் இது வருடக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது.

கழற்றத் தொடங்குமுன், உள்ளே இருப்பது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் முன்புறத் தாங்கலுக்கு ஸ்பிரிங் உண்டு, எண்ணெய் கிடையாது. கோவை ஜி.டி. நாயுடு இளம்வயதில் லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய் அதிகாரியின் ரட்ஜ் வண்டியைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அதை வாங்கிய கதை பலருக்கும் தெரியும். வாங்கிய வண்டியை ஓட்டித் திரிந்ததைவிட, பிரித்துப் பிரித்துப் பூட்டியதில்தான் அவர் மெக்கானிக் ஆனார். அது 1912ஆம் ஆண்டு மாடல். அந்தக் காலத்து ஃபோர்க்குகளில் இரும்புச் சட்டங்கள், இணைப்புகள், ஒரு ஸ்பிரிங் எல்லாம் வெளியே கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கும். தேய்ந்தது எது என்று பார்த்தாலே புரிந்துவிடும். எல்லாவற்றையும் குழாய்க்குள் ஒளித்து வைத்தது அதற்குப் பிந்தைய தலைமுறை.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், உள்ளே ஸ்பிரிங்கோடு எண்ணெயும் வேலை செய்யும் ஏற்பாடு. இதைப் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்கும் வண்டிக்கு முதலில் பொருத்திச் சாலைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, 1935இல், ஆர் 12 என்ற மாடலில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இதற்கு மாறின. ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மாறியது. 1949இல் விற்பனைக்கு வந்த 350 சிசி புல்லட்டில் முன்னால் இந்தக் குழாய் ஃபோர்க், பின்னால் ஸ்விங் ஆர்ம். ஐம்பதுகளில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கென்று நூற்றுக்கணக்கில் புல்லட்டுகள் கேட்டது. அதையொட்டி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் பிரிட்டிஷ் ராயல் என்ஃபீல்டின் கதையே முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் அதே வார்ப்பும் அதே கடைசலும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது.

இதனால் நமக்கு என்ன லாபம்? அந்தக் காலத்தில் வரைந்த ஒரு ஃபோர்க்குக்கு இன்றைக்கும் புஷ்ஷும் சீலும் சாதாரணக் கடையில் கிடைக்கிறது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவே கிடைக்கும். ஹெட்லைட் டூம், உள்குழாயான பைப் மாதிரிப் பெரிய சாமான்கள் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் கழிவு வண்டிகளுக்கு நடுவே தேடிப் பிடிக்கலாம். பழைய ராஜ்தூத் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் வழிவந்த அதன் பழைய மாடல்களில் முன்புறம் வேறு ஏற்பாடு: சக்கரத்தைச் சுற்றி வரும் ஓர் ஊசலாடும் கை, அதைத் தாங்க இரண்டு ஷாக் அப்சார்பர்கள். அழகான வேலை. சாமான் தேடி அலைவதில் செருப்புத் தேயும்.

ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங்கின் வேலை வண்டியைத் தாங்குவது மட்டும்தான். பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் வாங்கிய விசையை அப்படியே திருப்பிக் கொடுக்கும். விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது எண்ணெய். ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, ஊசியோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் சுலபமாகப் போகும், வேகமாக அழுத்த முயன்றால் கையை எதிர்க்கும். ஃபோர்க்கிலும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகத்தான் மேலும் கீழும் போயாக வேண்டும். இதில் இன்னொரு நுட்பம், பைப்பின் அடியில் இருக்கும் ஒரு சின்ன வால்வு. சக்கரம் கல்லில் ஏறும்போது அது திறந்து எண்ணெயைத் தாராளமாக விடும். ஸ்பிரிங் திரும்பி விரியும்போது மூடிக்கொண்டு சிறு துளை வழியாக மட்டுமே அனுப்பும். ஏறுவது இலேசு, இறங்குவது நிதானம். மெக்கானிக் அமுக்கிப் பார்த்தபோது வண்டி மறுபடி மறுபடி எகிறியதே, அதற்கு உள்ளே எண்ணெய் இல்லை, அல்லது எண்ணெய் என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை என்று அர்த்தம்.

சரி, கழற்றுவோம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இந்த நிலையிலேயே ஒரு சோதனை செய்துவிட வேண்டும், பிரித்த பிறகு செய்ய முடியாது. ஃபோர்க்கின் கீழ் முனைகள் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் அது புஷ் தேய்மானமாகவும் இருக்கலாம், மேலே ஸ்டியரிங் கோன் செட் தளர்ந்ததாகவும் இருக்கலாம். இன்னொருவரை விட்டு கோன் சேரும் இடத்தில் விரலை வைத்திருக்கச் சொல்லுங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் கோன், தெரியாவிட்டால் புஷ். இந்த வண்டியில் இரண்டும்.

ஸ்பானர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய புல்லட்டின் நட்டுகளில் பலவற்றுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தாது. அவை பிரிட்டிஷ் விட்வொர்த் அளவில் வந்தவை. அந்த ஸ்பானரில் எழுதியிருக்கும் அளவும் நட்டின் அகலத்தைக் குறிப்பதல்ல, அந்த நட்டு ஏறும் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. கிட்டத்தட்ட உட்காருகிற ஏதோ ஒரு ஸ்பானரைப் போட்டுத் திருகி மூலைகளை மழுக்கிய நட்டுகளைப் பழைய புல்லட்டுகளில் நிறையப் பார்க்கலாம். அதற்குமேல் உளியும் சுத்தியலும்தான். இந்த மெக்கானிக்கிடம் துணிச்சுருளில் கட்டிய ஒரு பழைய செட் இருந்தது. அதைக் கடன் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார் என்று பட்டறைப் பையன் சொன்னான்.

முதலில் பிரேக் கேபிள். பிறகு ஆக்சிலைப் பிடித்திருக்கும் மூடிகள்; ஒவ்வொரு காலின் அடியிலும் ஒன்று. இந்த மூடிகளைக் காலோடு சேர்த்தே துளையிட்டுக் கடைந்திருப்பார்கள். இடது மூடி வலது காலுக்குப் போனாலோ முன்பின்னாகத் திரும்பினாலோ ஆக்சில் சரியாக உட்காராது. எனவே கழற்றுமுன் சென்டர் பஞ்சால் இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி. மெக்கானிக் பஞ்சை வைக்கப் போனபோது அங்கே ஏற்கெனவே புள்ளிகள் இருந்தன. யாரோ ஒரு பழைய கை, இதே கவலையோடு, முன்பே வந்து போயிருக்கிறது. மெக்கானிக் அதைப் பட்டறைப் பையனுக்கும் காட்டினார்.

சக்கரம் கழன்றது. மட்கார்டு கழன்றது. காலின் அடியில் எண்ணெய் வடிக்கிற சின்ன ஸ்க்ரூவைத் திறந்தால் எண்ணெய் வர வேண்டும். வந்தது ஒரு கரண்டி அளவு கறுப்புக் குழம்பு. கிழக்குப் பக்கம் ஓடிய வண்டி, கரிசல் மண் உள்ளே போயிருக்கும் என்று பையன் ஊகித்தான். அப்படியில்லை. மண்ணை சீல் ஓரளவு வெளியேயே நிறுத்திவிடும். உள்ளே கறுத்தது, பல வருடம் அரைபட்ட எண்ணெயும் புஷ்ஷிலிருந்து உதிர்ந்த உலோகத்தூளும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் குழம்பில் பொன்னிறப் பொடி மினுங்கியது. அது பித்தளைச் சாயல் கொண்ட கன்மெட்டல்.

அடுத்து ஒவ்வொரு காலின் அடியிலும் மையத்தில் ஒரு நட்டு. உள்ளே ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்டட் ஒன்றை அது கீழ்க்குழாயோடு பிணைத்திருக்கிறது. இந்த இடத்தில் புதியவர்கள் திணறுவார்கள். நட்டைத் திருகினால் உள்ளே ஸ்டட்டும் கூடவே சுற்றும். நட்டு கழலவே கழலாது. கீழ்க்குழாயை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் ஸ்பிரிங் இறுகி ஸ்டட்டை அமுக்கும், சுற்றாது. மெக்கானிக் அதை முழங்காலால் செய்தார். நட்டு வந்ததும் ஸ்டட்டின் முனையில் மரச் சுத்தியலால் இலேசாகத் தட்டி மேலே ஏற்ற வேண்டும். இரும்புச் சுத்தியலால் தட்டினால் மரை நசுங்கும்.

இப்போது கீழ்க்குழாய் கொஞ்சம் தாராளமாக இறங்கும். பட்டறை வழக்கில் அதற்கு ‘பாட்டம்’. அதன் வாயில் சீலை வைத்திருக்கும் கிண்ணம் மரையில் ஏறியிருக்கிறது. அதில் ஸ்பானர் பிடிக்கத் தட்டையான பக்கங்கள் உண்டு. இருந்தும் இந்த வண்டியின் இரண்டு கிண்ணங்களிலும் பைப் ரெஞ்சின் பல் தடம். பொறுமையில்லாத கை. துரு பிடித்திருந்ததால் முந்தைய நாள் இரவே மண்ணெண்ணெயும் கிரீஸ் கலக்காத மெல்லிய எண்ணெயும் கலந்து ஊறவிட்டிருந்தார். காலையில் பெரிய சண்டையில்லாமல் வந்தது. கிண்ணம் கழன்றதும் பாட்டம் முழுதாகக் கையோடு வந்துவிடும். பைப், அதில் புஷ், சீல், அடியில் வால்வு எல்லாம் வண்டியிலேயே தொங்கும்.

பைப்பையும் இறக்க வேண்டும் என்றால் மேலே போக வேண்டும். புல்லட்டின் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஹெட்லைட், அம்மீட்டர், ஸ்பீடோமீட்டர், இரண்டு பக்கமும் சின்னக் கண்களாக டைகர் லேம்ப் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் அடக்கிய அந்த டூம், 1954இல் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்தது. அழகுக்கு வைத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஃபோர்க்கின் மேல் தாங்கியே அதுதான். பைப்பின் மேல்முனையில் மரை உண்டு. டூமுக்குள் திருகி ஏற்றியிருப்பார்கள். கீழ்க் கிளாம்பின் இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தி, மேலே மூடித் திருகைக் கழற்றி, பைப்பைத் திருகி இறக்க வேண்டும். கிளாம்பைத் தளர்த்தாமல் திருகினால் கிளாம்பின் வாய் பைப்பைச் சிராய்க்கும். டூம் வார்ப்பு, மரை போனால் லேசில் சரியாகாது. அவசரமே கூடாத இடம் இதுதான்.

இரண்டு பைப்பும் இறங்கியதும் மேஜைமேல் ஒரு கனமான கண்ணாடிப் பலகையை வைத்து, ஒவ்வொன்றாக உருட்டினார். நேரான குழாய் சத்தமின்றி உருளும். வளைந்தது ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தூக்கி, கீழே வெளிச்சம் தெரியும். இடது பைப் சுத்தமாக உருண்டது. வலது பைப் தூக்கியது. வளைவு எதிர்பார்த்த இடத்தில்தான் இருந்தது: கீழ்க் கிளாம்புக்குச் சற்றுக் கீழே. முன்சக்கரம் எதிலாவது மோதினால் விசை முழுவதும் வந்து நிற்கும் இடம் அதுதான்.

“ஒங்க தாத்தா எதுலயோ கொண்டு போய் முட்டிருக்காரு” என்றார் மெக்கானிக்.

“எங்க வீட்ல அப்படி யாரும் சொன்னதில்லயே அண்ணாச்சி.”

“அவரு சொல்லிருக்க மாட்டாரு.”

பைப்பின் வெளிப்புறத்தையும் பார்க்க வேண்டும். சீல் உரசும் பகுதி வழவழப்பாக இருந்தாக வேண்டும். பழைய புல்லட்டில் பைப்பின் மேற்பகுதியை ஒரு தகரக் கூடு மூடியிருப்பதால் உள்ளே துரு பிடிப்பது வெளியே தெரியாது. தோப்பு ஈரத்தில் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் துரு புள்ளி புள்ளியாகக் குழி பறித்திருக்கும். குழியின் விளிம்பு ஒவ்வொரு அசைவிலும் சீலின் ரப்பர் உதட்டைச் சீவும். புது சீல் போட்டும் ஒரு மாதத்தில் கசிகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேரின் கதை இதுதான். அவர்கள் மாற்ற வேண்டியது பைப்பை. வளைந்த வலது பைப்பை இங்கே நிமிர்த்தப் போவதில்லை என்று மெக்கானிக் முதலிலேயே சொல்லிவிட்டார். பிரஸ்ஸில் வைத்து ‘பெண்டு’ எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச வளைவென்றால் எடுக்கலாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த குழாயை நம்பி ஓட்டுகிறவருக்குப் புதுக் குழாயின் விலையைவிட உயிரின் விலை மலிவாகத் தெரிகிறது என்றுதான் அர்த்தம். பேரனும் ஒப்புக்கொண்டான், இரண்டு பைப்பையும் புதிதாகவே வாங்குவது என்று முடிவானது.

சின்னச் சாமான்களின் துருவை எடுப்பதில்தான் ஊர் தன் கையைக் காட்டியது. வாஷர், நட்டு, மூடி, மட்கார்டு கம்பிகளின் முனைகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, சந்தையில் கழித்துப் போட்ட எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து, உப்பைத் தூவி ஊற வைத்தார்கள். மறுநாள் துரு கரைந்து சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் துருவிலிருக்கும் இரும்பைப் பற்றிக் கரைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் பல துருநீக்கிகளில் இருப்பதும் இதே அமிலம்தான். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் மதியத்துக்குள் மறுபடி மஞ்சள் பூக்கும்.

இந்த வாளியில் ஸ்பிரிங்கை மட்டும் போடக் கூடாது. அமிலம் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். கடினமாக்கப்பட்ட எஃகுக்குள் அது ஊடுருவினால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். வெளியே பளபளப்பாகத் தெரியும் ஸ்பிரிங், சுமை ஏறும்போது முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். ஸ்பிரிங்குக்குக் கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், பொறுமை.

கோன் செட்டைத் திறக்கும்போது கீழே வெள்ளைத் துணியை விரிக்க வேண்டும். பழைய புல்லட்டில் அவை கூட்டில்லாத தனித்தனி பால்ஸ். கிரீஸ் காய்ந்திருந்தால் மழையாகக் கொட்டும். ஒன்று மேஜைக்கடியில் ஓடிப் போனால் அந்த நாள் போயிற்று. இந்த வண்டியில் பால்ஸைவிடக் கிண்ணங்கள்தான் பேசின. சக்கரம் நேராக இருக்கும் நிலையில் ஒவ்வொரு பாலும் நின்ற இடத்தில் குட்டிக் குழி. எந்த வண்டியும் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. ஒவ்வொரு கல்லின் அடியும் பால்ஸ் வழியாக அதே இடத்தில் விழுகிறது. குழி விழுந்ததும் ஹேண்டில்பார் நடுவில் வந்து ‘டக்’கென்று உட்காரும். நெடுஞ்சாலையில் அதை ஒரு வசதியாகவே சிலர் நினைக்கிறார்கள், வண்டி நேரே பிடிக்கிறதாம். வளைவில் மெல்லத் திருப்ப வேண்டிய நேரத்தில் அந்தக் குழியைத் தாண்ட ஒரு வெட்டு வெட்ட வேண்டியிருக்கும். லாரி வரும் வளைவில் அந்த வெட்டு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புஷ்ஷைப் பொறுத்தவரை கடையில் கிடைப்பது ஒரு வழி, லேத் பட்டறையில் கடைந்து வாங்குவது இன்னொரு வழி. கிணற்று மோட்டார்களுக்குக் கன்மெட்டல் புஷ் கடைந்தே பழக்கப்பட்ட கைகள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: மோட்டார் சுற்றுகிறது, ஃபோர்க் வழுக்குகிறது. இறுக்கமாகக் கடைந்து கொடுத்தால் ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. புஷ்ஷைக் குழாயில் மாட்டி, எண்ணெய் தடவி, செங்குத்தாகப் பிடித்தால் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது, பிடிக்கவும் கூடாது.

பூட்டுவது கழற்றியதைத் தலைகீழாகச் செய்வதுதான் என்று எல்லாப் புத்தகங்களும் ஒரே வரியில் முடித்துவிடும். ஃபோர்க்கில் அந்த ஒரு வரியை நம்பக் கூடாது. சீலை மாட்டுமுன் பைப்பின் மரை முனையை வழவழப்பான பிளாஸ்டிக் தாளால் சுற்றி, எண்ணெய் தடவி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் புது சீலின் உதட்டை மரையே அறுத்துவிடும். எண்ணெய் ஒவ்வொரு காலுக்கும் ஏறக்குறைய 200 மில்லி, டூமின் மேலே இருக்கும் மூடி வழியாக. ஸ்பிரிங்கைத் தாண்டி இறங்க நேரமெடுக்கும், ஊற்றியது நிரம்பி வழிகிறதே என்று அரைகுறையாக நிறுத்திவிடக் கூடாது. கொஞ்சம் சேர்த்து ஊற்றினால் நல்லது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே எண்ணெய்க்கு மேல் காற்றுக்கு இடம் வேண்டும். அந்த இடத்தை நிரப்பிவிட்டால் முதல் பெரிய பள்ளத்தில் அழுத்தம் தாங்காமல் சீல் வாய் திறக்கும்.

எல்லாம் பூட்டியபின் ஆக்சில் மூடிகளை உடனே முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்து, பலமுறை அமுக்கி விட வேண்டும். இரண்டு கால்களும் தங்களுக்கு இடையிலான அகலத்தைத் தாங்களே கண்டுகொள்ளும். அதன்பிறகு கடைசி இறுக்கு. முதலிலேயே இறுக்கினால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, புது புஷ்கூட ஒட்டி ஒட்டி இறங்கும். இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டுத்தான் பலர் சாமான் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

பேரன் வண்டியை எடுத்துக்கொண்டு தோப்புப் பாதை வரை போய்வந்தான். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய ஏற்பாட்டுக்கே இன்னும் முழுதாகப் பழகாதவன். இறங்கியதும் முகம் சரியில்லை.

“முன்னால எறங்கவே மாட்டேங்கு அண்ணாச்சி. இறுக்கமா இருக்கு. முந்தி மெத்துன்னு இருந்துச்சு.”

மெக்கானிக் மறுபடி முன்பிரேக்கைப் பிடித்து அமுக்கிக் காட்டினார். வண்டியின் முகம் இறங்கியது, நிதானமாக ஏறியது, நின்றது. பிறகு தோப்பு வாய்க்கால் மேட்டில் அவனைப் பின்னால் உட்கார வைத்து அவரே ஓட்டிப் போனார். திரும்பி வரும்போது ஒற்றைக்கையால் ஓட்டிக்கொண்டு வந்தார்.

500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டி திரும்ப வர வேண்டும் என்பது ஒப்பந்தம். புது புஷ் இடம் பிடிக்கும்போது கொஞ்சம் பொடி உதிரும். அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும், கோன் செட்டின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும், கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி தொட வேண்டும். பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் அதற்கப்புறம்தான் மதுரை. கழற்றிய வளைந்த பைப்பை என்ன செய்வது என்று கேட்டதற்கு, பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் பட்டறைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டச் சொன்னார். அடுத்து ஃபோர்க்கைத் தொட வேண்டாம் என்று சொல்லி வருகிறவனுக்குக் கண்ணாடியில் உருட்டிக் காட்ட வேண்டுமாம்.

அடுத்த வாரம் பின்சக்கரத்துக்குப் போவோம்: செயினும் ஸ்பிராக்கெட்டும்.

(தொடரும்)